பெட்டி புரொபஸர்

ஆக்லாந்தில் உள்ள தமிழ்க் குடும்பங்களில் யார் எந்த ஊரை விட்டுக் கிளம்பினார்கள், பெட்டியில் என்ன வைத்தார்கள், அதை யார் அடுக்கினார்கள் என்பதெல்லாம் குடிவரவு அதிகாரிகளுக்குக்கூடத் தெரியாது. பெட்டி புரொபஸருக்குத் தெரியும்.

பல்கலைக்கழகத்தில் அவருடைய அறைக்கதவில் நீளமான ஒரு பெயர் இருந்தது. தமிழர்கள் யாரும் அதைப் பயன்படுத்தியதில்லை. மலேசியத் தமிழ்ப் பெண், திருமணம் செய்துகொள்ளாதவர், அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தார். நான் திருச்சியிலிருந்து வந்து சம்பளப் பட்டியல் மென்பொருள் செய்யும் நிறுவனம் ஒன்றில் சேர்ந்தபோது, மவுண்ட் ஆல்பர்ட்டில் அவர் வாடகைக்கு இருந்த பழைய மரவீட்டில் ஓர் அறை காலியாக இருந்தது. ஆறு வருடம் அங்கே இருந்தேன்.

அவருடைய ஆராய்ச்சி முழுக்க அமெரிக்கா. அங்கே யாரையெல்லாம் வீட்டை விட்டுக் கிளப்பினார்கள் என்பதுதான் விஷயம். சொந்த மண்ணிலிருந்து விரட்டப்பட்ட பழங்குடிகள், போர்க்காலத்தில் கையில் தூக்க முடிந்ததை மட்டும் எடுத்துக்கொண்டு முகாமுக்குப் போன ஜப்பானியக் குடும்பங்கள், நெடுஞ்சாலைக்காக இடிக்கப்பட்ட கறுப்பர் தெருக்கள். நான் குடிபோன அன்றே ஒரு கோப்பை மைலோவைக் கையில் கொடுத்து, முப்பது வருடப் படிப்பை மலேசியாக்காரர்களின் 'லா'வோடு மூன்று வரியில் சொல்லிவிட்டார்.

"கிளம்புன்னு யாருகிட்டச் சொல்றாங்க, அது இனம். பெட்டிய யாரு கட்டுறாங்க, அது பொம்பள. நடுவுல நடக்கறதத்தான் நான் எழுதுறேன் லா."

அதோடு நிறுத்தியிருந்தால் அவர் சாதாரணப் பேராசிரியர். அவர் நிறுத்தவில்லை. பார்த்தவர்களிடமெல்லாம் கேட்டார். பிளாட் புஷ்ஷில் ஒரு கிரகப்பிரவேசம். கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த மாமியார் அம்மாளிடம் போய், "நீங்க வீடு மாறுனப்பல்லாம் யாரும்மா சாமான் கட்டுனது?" என்று கேட்டார். அந்த அம்மாள் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தார். பிறகு ஏழு முறை வீடு மாறியதையும், ஏழு முறையும் கணவர் நாற்காலியில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்ததையும், கடைசியாக அந்த நாற்காலியையும் தானே தூக்கியதையும் சொல்லி முடித்தார். கணவர் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். அன்று புரொபஸருக்குப் பாயசம் கிடைக்கவில்லை.

விமான நிலையத்தில் நடந்தது இதைவிட மோசம். மலேசியாவில், ஈப்போவில் ஒரு கல்யாணத்துக்கு என்னையும் அழைத்துப் போய்த் திரும்பிய நாள். உணவுப்பொருள் சோதிக்கும் அதிகாரி எல்லாரிடமும் கேட்கும் கேள்வியை இவரிடமும் கேட்டார்: இந்தப் பெட்டியை நீங்களேதான் அடுக்கினீர்களா? புரொபஸரின் முகம் மலர்ந்துவிட்டது. தன்னுடைய கேள்வியை இன்னொருவர் கேட்டிருக்கிறார். பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தார். அதிகாரி மாவோரிப் பெண், நியூசிலாந்தின் பூர்வகுடி. அவரும் தன் குடும்பத்து நிலம் கைமாறிய கதையைச் சொன்னார். எங்களுக்குப் பின்னால் ஒரு விமானமே நின்றது. கடைசியில் இருவரும் மின்னஞ்சல் முகவரி மாற்றிக்கொண்டார்கள். ஆனாலும் பெட்டியில் இருந்த கறிவேப்பிலை குப்பைத் தொட்டிக்குத்தான் போனது.

இப்படிப்பட்டவரை வீட்டை விட்டுக் கிளப்ப வேண்டிய பொறுப்பு சிவம் அண்ணைக்கு வந்தது.

சிவம் அண்ணைதான் எங்கள் வீட்டுக்காரர். யாழ்ப்பாணத்துக்காரர், பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர், குரல் உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. மகளுக்கு வீடு வாங்க உதவ வேண்டியிருந்ததால் மவுண்ட் ஆல்பர்ட் வீட்டை விற்க முடிவு செய்திருந்தார். ஒரு ஞாயிறு மதியம், காலி செய்யச் சொல்லும் கடிதத்தை உறையில் போட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வந்தார்.

"அக்கா, ஒரு விசயம் கதைக்க வேணும்."

"உக்காருங்க. நீங்க ஊர விட்டு வந்தப்ப என்னா எடுத்துட்டு வந்தீங்கன்னு நான் கேட்டதே இல்லையே?"

"நாங்களோ? பெரிசா ஒண்டும் இல்லை. தையல் மெசின் ஒண்டு."

"தையல் மெஷினா? எப்படி?"

"சைக்கிள் கரியர்ல கட்டி."

அவ்வளவுதான். போர்க்கால இடப்பெயர்வு, சேறு, பாலத்து நெரிசல், வழியில் தண்ணீர் தந்த வீடு என்று சாயங்காலம் வரை பேசினார். இடையில் ஒருமுறை கண்ணைத் துடைத்துக்கொண்டார். எழுந்து போகும்போது உறை சட்டைப்பையிலேயே இருந்தது.

இரண்டாம் முறை வந்தபோது கட்டவிழ்த்து விட்டு வந்த பசுவைப் பற்றிச் சொல்லிவிட்டுப் போனார். மூன்றாம் முறை துணைக்கு மனைவியைக் கூட்டி வந்தார். அந்த அக்கா உட்கார்ந்ததுமே விஷயத்துக்கு வந்தார்.

"இவர் உங்களுக்குச் சொன்னது பிழை. மெசினைக் கட்டினது நான். சைக்கிளைத் தள்ளினதும் நான். இவர் ரேடியோவைத் தூக்கிக்கொண்டு முன்னால நடந்தவர்."

"செய்தி கேக்க வேணுமெல்லோ," என்றார் சிவம் அண்ணை.

"பற்றரி இல்லாத ரேடியோவில என்ன செய்தி?"

புரொபஸர் ஒரு வரி விடாமல் எழுதிக்கொண்டார். அன்றும் உறை வெளியே வரவில்லை. போகும்போது காருக்குள்ளும் ரேடியோப் பேச்சு நடந்துகொண்டிருந்தது.

நான்காம் முறை சிவம் அண்ணை வீட்டுக்கு வரவில்லை. நான் வேலைக்குப் போகும்போது ரயில் நிலையத்தில் காத்திருந்தார். உறையை என் கையில் வைத்தார்.

"தங்கச்சி, நீங்களே குடுத்து விடுங்கோ. என்னால ஏலாது."

அன்று மாலை கொடுத்தேன். புரொபஸர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார். "ஒரு எழுத்துப் பிழை இருக்கு," என்று சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அதன் பிறகு ஒன்றும் நடக்கவில்லை. அதுதான் பிரச்சினை. கெடு வாரம் வாரமாகக் குறைந்தது. நான் பிளாட் புஷ்ஷில் ஓர் இடம் பார்த்துக்கொண்டேன். ஒடாஹுஹுவில் அவருக்கு ஒரு சின்ன வீட்டையும் பார்த்து, கையெழுத்து வாங்கிக் கொடுத்தேன். அவரோ வகுப்புக்குப் போனார், வந்தார், மிளகாய்ச் சம்பல் அரைத்தார். அலமாரியிலிருந்து ஒரு புத்தகம்கூட இறங்கவில்லை. ஊரில் உள்ள எல்லார் பெட்டியையும் பற்றித் தெரிந்தவருக்குத் தன் பெட்டியைக் கட்டத் தெரியவில்லை என்று தமிழ்ச் சங்கத்தில் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஒரு சனிக்கிழமை, முனையில் இருந்த, இங்கே டெய்ரி என்று சொல்லும் மளிகைக் கடையில் காலி அட்டைப்பெட்டிகள் வாங்கி வந்து அவர் அறையில் போட்டேன். அவர் வாசலிலேயே நின்றார், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு.

"எதக்கா முதல்ல வைக்கறது?"

"தெரியல லா."

நானே புத்தகங்களை எடுக்க ஆரம்பித்தேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மாணவர்களிடம் பேசும் அதே சாதாரணக் குரலில் சொன்னார்.

"எங்க தோட்டத்த வித்தப்ப எனக்குப் பன்னண்டு வயசு. ரப்பர் மரத்த வெட்டிட்டு வீடு கட்டப் போறாங்கன்னு கம்பெனி நோட்டீஸ் குடுத்துச்சு, இங்கிலீஷ்ல. தொழிலாளிங்க இருந்த லயத்து வீடுங்கள்ல இங்கிலீஷ் வாசிக்கத் தெரிஞ்சது நான் ஒருத்திதான். வீடு வீடாப் போயி நான்தான் வாசிச்சேன். எல்லாரும் காகிதத்தப் பாக்கல, என்னையப் பாத்தாங்க. நானே போகச் சொல்ற மாதிரி."

என் கையில் இருந்த புத்தகத்தை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

"எங்க வீட்ட நான் கடைசியா வெச்சிக்கிட்டேன், அம்மாவுக்கு வாசிக்க. அவங்களுக்கு வாசிக்கவே வேண்டியிருக்கல. சட்டிய எல்லாம் அதுக்குள்ள கழுவிக் கவுத்து வெச்சிட்டாங்க."

"அப்புறம் ஏன்க்கா அமெரிக்காவப் பத்தி எழுதுறீங்க?"

"மத்தவங்க வீட்டுக் கதைன்னா கை நடுங்காம எழுதலாம்." நிலையில் சாய்ந்துகொண்டு, "சிவம் வந்தாரே, மொத நாளே தெரியும் எனக்கு. பாக்கெட்ல எட்டிப் பாத்துச்சு அந்த உறை. அத வாசிக்கற வேலை அந்த மனுசனுக்கு வேணாமேன்னுதான் கேள்வி கேட்டுக்கிட்டே இருந்தேன். கொஞ்சம் எனக்காகவுந்தான்," என்றார்.

பிறகு உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தார். நான் எடுத்துக் கொடுக்கக் கொடுக்க அடுக்கினார். படுமோசமாக அடுக்கினார். கனமான புத்தகங்கள் மேலே, கண்ணாடிக் குவளைகள் அடியில். நான் திருத்தவில்லை.

வீடு மாறும் நாளில் சிவம் அண்ணை ஒரு வேனோடு வந்து நின்றார். நாங்கள் கூப்பிடவில்லை. அவர் மனைவி நேரே புரொபஸரின் அறைக்குள் போய், பெட்டிகளின் அடியிலிருந்த குவளைகளையெல்லாம் வெளியே எடுத்துத் துணியில் சுற்றி மறுபடி அடுக்கினார். அண்ணை முதல் பெட்டியைத் தூக்கி முனகினார்.

"என்னக்கா இது, கல்லோ?"

"அமெரிக்கா," என்றார் புரொபஸர்.

பதினெட்டுப் பெட்டி அமெரிக்காவை அண்ணை தனியாகவே ஏற்றினார். உதவிக்குப் போன என்னையும் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டார். கடைசிப் பெட்டி ஏறியதும் அண்ணை புரொபஸருக்கு எதிரில் வந்து நின்றார். மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்பது முகத்திலேயே தெரிந்தது.

"அக்கா, நான்…"

"ரேடியோவ என்னா பண்ணீங்க கடைசியில?" என்று கேட்டார் புரொபஸர்.

அண்ணை சிரித்துவிட்டார். வேனின் கதவைச் சாத்திக்கொண்டே அந்தக் கதையைச் சொன்னார். ஒடாஹுஹு வரை சொன்னார்.

இப்போது புரொபஸர் ஒடாஹுஹுவில் தனியாக இருக்கிறார். அமெரிக்காப் பெட்டிகளில் பாதி இன்னும் பிரிக்கப்படவில்லை. லயத்தைப் பற்றித் தமிழில் எழுத ஆரம்பித்திருக்கிறார். கை நடுங்குகிறதா என்று கேட்டேன். நடுங்குகிறதாம், அதனால் தட்டச்சு செய்கிறாராம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பிளாட் புஷ்ஷிலிருந்து பேருந்து பிடித்துப் போகிறேன். ஒவ்வொரு முறையும் கதவைத் திறந்ததும், "இவ்வளவு தூரம் எதுக்கு லா வர்றே?" என்று கேட்கிறார். ஒடாஹுஹுவில் ஒரு வேலை இருந்தது, வந்தேன் என்கிறேன்.

ஒடாஹுஹுவில் எனக்கு ஒரு வேலையும் கிடையாது.