ஜெயராமன் சார் கேட்ட தோசை

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். முப்பத்தோரு வயது வரை நான் பைக்கைச் சாலையில் ஓட்டியதே இல்லை. லைசென்ஸ் மட்டும் இருந்தது. எட்டுப் போட்டுத்தான் வாங்கினேன் (அந்த எட்டு கொஞ்சம் மூன்று மாதிரி இருந்தது, ஆய்வாளர் அன்று நல்ல மனநிலையில் இருந்தார்). அதன் பிறகு அவசியமே வரவில்லை. மேற்குத் தாம்பரத்தில் வீட்டிலிருந்து நடக்கும் தூரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் ஆறு வருடம் வேலை பார்த்தேன். நடந்து போனேன், நடந்து வந்தேன்.

கடையை மூடினார்கள். இரண்டு மாதம் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். மூன்றாவது மாதம் என் மனைவி சுகந்தி, ஹோம்கேர் நிறுவனம் ஒன்றில் ஆள் எடுப்பதாகக் கண்டுபிடித்துச் சொன்னாள். உடம்புக்கு முடியாமல் வீட்டோடு இருப்பவர்களைப் பகல் முழுக்கப் பார்த்துக்கொள்ளும் வேலை. மூன்று வாரம் பயிற்சி கொடுத்தார்கள். ஒரு ரப்பர் பொம்மையைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றவும், குளிப்பாட்டவும், ஒருக்களித்துப் படுக்க வைக்கவும் கற்றுக்கொண்டேன். பொம்மை என்னைப் பற்றி எந்தப் புகாரும் சொல்லவில்லை. அந்தத் தெம்பில்தான் வேலைக்குச் சம்மதித்தேன்.

முதல் வேலை கோவிலம்பாக்கத்தில். காலை ஏழரைக்கு அங்கே இருக்க வேண்டும். "பஸ்ஸை நம்பி வராதீங்க கதிர், லேட்டானா அந்த வீட்டம்மா வேலைக்குக் கெளம்ப முடியாது" என்று சூப்பர்வைசர் அக்கா சொல்லிவிட்டார்.

சுகந்தியின் அண்ணன் தேவா தன் பழைய பைக்கைக் கொடுத்தான். பைக்கோடு அறிவுரையும் வந்தது. தேவா ஆரம்பித்து வைத்தான், பிறகு யார் யாரோ சேர்ந்துகொண்டார்கள்.

"மச்சான், முன் பிரேக்க மட்டும் தனியாப் புடிக்காத. தூக்கி அடிச்சிரும்."

"தண்ணி லாரி பின்னாடி போகாதீங்க, மாப்ள. சிந்துற தண்ணியில வழுக்கும்." இது மாமனார்.

"தென்ன மரத்தடியில வண்டிய நிறுத்தாதீங்க சார். எங்க டேங்க்கப் பாருங்க" என்று மாடி வீட்டுக்காரர் தன் வண்டியின் பள்ளத்தைத் தொட்டே காட்டினார்.

"ஹேண்டில் லாக் போடாம ஒரு அடி நகராத மச்சான். சாவியப் பாக்கெட்லயும் போடாத, குனியிற வேலை உன்னுது, விழுந்துரும்." மறுபடி தேவா.

சுகந்தி மட்டும் ஒன்றே ஒன்று சொன்னாள்: "பயப்படாம ஓட்டுங்க." அதைத்தான் என்னால் கடைப்பிடிக்க முடியவில்லை.

வேலைக்குப் போகும் முதல் நாள் காலை ஐந்தே முக்காலுக்கே கிளம்பினேன். மொத்தம் அரை மணி நேரப் பயணம். சேலையூர் தாண்டும்வரை இரண்டாவது கியர்தான். கேம்ப் ரோட்டில் பால்காரர் சைக்கிளில் என்னை முந்தினார். ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு ஸ்கூல் வேன் முந்தியபோது பின் சீட்டுக் குழந்தைகள் எல்லாம் திரும்பிப் பார்த்து எனக்கு டாட்டா காட்டினார்கள். பதிலுக்குக் கையெடுக்க எனக்குத் தைரியம் இல்லை. செம்பாக்கத்தில் முன்னால் ஒரு தண்ணி லாரி வந்தது. மாமனார் சொன்னது ஞாபகம் வந்து ஓரம் கட்டினேன். அது போனதும் கிளம்பினால் இன்னொன்று. மேடவாக்கம் போகும் சாலையில் தண்ணி லாரி போய் முடிகிற நேரம் என்று ஒன்று கிடையாது என்பது நாலாவது லாரிக்குப் பிறகுதான் புரிந்தது.

எப்படியோ ஏழே கால் மணிக்கு அந்த வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். குறுகலான தெரு. வண்டி நிறுத்த ஒரே ஒரு நல்ல இடம்தான் இருந்தது, அதற்கு மேலே தென்னை மரம். அண்ணாந்து பார்த்தேன். நாலைந்து காய்கள் என்னையே பார்த்தன. வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து கேட்டுக்கு நேர் முன்னால் நிறுத்தினேன். சென்டர் ஸ்டாண்ட் போட்டேன். ஹேண்டில் லாக் போட்டேன். லாக் விழுந்ததா என்று மூன்று முறை ஆட்டிப் பார்த்தேன். அவ்வளவு பொறுப்பாக நான் எதையும் செய்ததே இல்லை.

கதவைத் திறந்தவர் மல்லிகா மேடம். பள்ளியில் கணக்கு ஆசிரியை. அவருடைய கணவர் ஜெயராமன் சாருக்கு ஐம்பத்திரண்டு வயது. நாலு மாதத்துக்கு முன் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. அன்றிலிருந்து மேடம் லீவில் இருந்தார். அன்றுதான் திரும்பப் போகிறார். காலாண்டுத் தேர்வு தொடங்கும் நாள், எட்டே முக்காலுக்குத் தேர்வறையில் இருந்தே ஆக வேண்டும். இன்றைக்கும் போகவில்லை என்றால் வேறு ஆள் போட்டுவிடுவோம் என்று பள்ளியில் சொல்லியிருந்தார்களாம். இதையெல்லாம் அவர் மாத்திரை டப்பாவைக் காட்டிக்கொண்டே சொன்னார். காட்டி முடித்த டப்பாவைத் திரும்பத் திறந்து முதலிலிருந்து காட்டினார். ஆக, அந்த வீட்டில் அன்று இரண்டு பேருக்கு முதல் நாள்.

"இட்லி குடுத்துட்டேன். எது குடுத்தாலும் நிமிர்ந்து உக்கார வச்சு, சின்னச் சின்னதாக் குடுங்க, பொரையேறிடும். அப்புறம், அவருக்கு எல்லாம் புரியும். பேச்சுலதான் சில நேரம் நினைக்கிற வார்த்தை வராது, வேற ஏதோ வந்துடும். மூஞ்சியப் பாத்துப் புரிஞ்சுக்கணும்."

தலையை ஆட்டினேன். மனதில் எதுவும் ஏறவில்லை.

சாரைக் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்றினேன். பயிற்சியில் சொன்னபடி கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையை முதுகுப் பக்கம் தள்ளிவிட்டு, முழங்காலை மடக்கி, இடுப்புப் பட்டையைப் பிடித்து, ஒன்று, இரண்டு, மூன்று. கச்சிதமாக உட்கார்ந்தார். மேடம் நிம்மதியாக மூச்சு விட்டார். என் வாழ்க்கையில் அந்தக் காலை அதோடு முடிந்திருக்கலாம்.

எட்டு மணிக்கு வாசலில் ஹாரன் சத்தம். தண்ணி லாரி. வீட்டுத் தொட்டிக்குத் தண்ணீர் விட வந்திருந்தது.

"யார் வண்டிப்பா இது? கேட்டுக்குக் குறுக்க எரும மாடு மாதிரி நிக்கவச்சிகினு! எடுங்க சார், இன்னும் ஆறு லோடு கீது!"

மேடம் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு ஸ்கூட்டரைத் திருப்பிக்கொண்டிருந்தார். அவர் வெளியே போகவும் அதே கேட்தான்.

"கதிர், உங்க வண்டியக் கொஞ்சம் எடுத்துடுறீங்களா?"

"இதோ மேடம்" என்று சட்டைப் பையில் கை விட்டேன். சாவி இல்லை. பேன்ட் பையில் இல்லை. பையைக் கவிழ்த்தேன். சாப்பாட்டு டப்பா, தண்ணீர் பாட்டில், மாற்றுச் சட்டை, சுகந்தி வைத்திருந்த திருநீறுப் பொட்டலம், எல்லாம் இருந்தன. சாவி இல்லை.

கட்டிலுக்கு அடியில் தவழ்ந்தேன். தலையணை உறையைக் கழற்றினேன். குளியலறை வாளிக்குள் பார்த்தேன். ஃப்ரிட்ஜைத் திறந்தும் பார்த்தேன் (ஏன் என்று கேட்காதீர்கள்). வெளியே ஹாரன் நிற்கவே இல்லை. லாரிக்குப் பின்னால் ஒரு ஆட்டோவும் ஒரு காரும் வந்து நின்று அவையும் சேர்ந்துகொண்டன.

அப்போதுதான் ஜெயராமன் சார் பேசினார்.

"தோசை."

"சார்?"

"தோசை! தோசை!" இடது கையை என் பக்கம் நீட்டி ஆட்டினார்.

பயிற்சியில் எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள், என்ன அவசரமானாலும் நோயாளியின் தேவைதான் முதலில் என்று. நான் தேடுவதை நிறுத்தினேன். இவருக்குப் பசிக்கிறது. பசியில் மயக்கம் வந்தால்? முதல் நாளே ஆளை மயங்க விட்டவன் என்று பெயர் வந்தால்? ஃப்ரிட்ஜில் மாவு இருந்ததைத்தான் சற்று முன் பார்த்தேனே!

"இதோ சார், ரெண்டே நிமிஷம்!"

ஓடிப் போய்க் கல்லை அடுப்பில் வைத்து மாவை ஊற்றினேன். கூடத்திலிருந்து "தோசை! தோசை!" என்று குரல் உயர்ந்துகொண்டே வந்தது. அவ்வளவு பசி என்று எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. ஒரு பக்கம் அடுப்பு, ஒரு பக்கம் சாவி. தோசை வேகும் நேரத்தில் அரிசி டப்பாவுக்குள் கை விட்டுத் துழாவினேன். திரும்பிப் பார்ப்பதற்குள் கல்லிலிருந்து புகை. அது ஜன்னல் வழியாக வாசலுக்குப் போயிற்று.

"யம்மா! வூட்ல இன்னாமோ எரியுதும்மா!" என்று லாரி டிரைவர் கத்தினார்.

மேடம் ஹெல்மெட்டோடு உள்ளே ஓடி வந்தபோது, நான் அந்தக் கருகிய தோசையில் நல்ல பாகமாகக் கிள்ளி, தட்டில் வைத்து, சாருக்கு முன்னால் குனிந்துகொண்டிருந்தேன்.

"என்ன பண்றீங்க?"

"சார் தோசை கேட்டார், மேடம்."

அவர் வாயைத் திறப்பதற்குள் சார் இடது கையால் என் கழுத்துக் கயிற்றைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தார். அந்த ஒரு கையில் அவ்வளவு பலம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. தட்டு என் சட்டை மேலேயே கவிழ்ந்தது. எனக்கு மூச்சு முட்டியது. நோயாளி கோபப்பட்டால் எதிர்க்காமல், மெதுவான குரலில், நட்பாகப் பேச வேண்டும் என்று பயிற்சியில் சொன்னது அந்த நேரம் பார்த்து ஞாபகம் வந்தது.

"சார்... நான் உங்க ஃப்ரெண்டு சார்..." என்றேன், நாக்கு வெளியே தள்ள.

"கதிர்! முதுகுல! முதுகப் பாருங்க!" என்று மேடம் கத்தினார்.

முதுகில் அடையாள அட்டை தொங்கியது. அதே கொக்கியில் பைக் சாவியும் தொங்கியது. பாக்கெட்டில் போடாதே என்று தேவா சொன்னதை நினைத்து, வண்டியைப் பூட்டியதும் நானேதான் அதில் மாட்டியிருக்கிறேன். மாட்டியது மனதில் பதியவே இல்லை. அப்புறம் கயிற்றை முதுகுப் பக்கம் தள்ளிவிட்டேன். நான் கட்டிலடியில் தவழ்ந்தபோதெல்லாம் அந்தச் சாவி சார் கண்ணெதிரே ஆடிக்கொண்டிருந்திருக்கிறது. அவர் சாவி என்றுதான் சொல்ல நினைத்தார். வாயில் வந்தது தோசை.

சாவியோடு வாசலுக்குப் பாய்ந்தேன். அவசரத்தில் ஸ்டாண்டிலிருந்து வண்டியைத் தள்ளினேன். ஹேண்டில் லாக்கை எடுக்கவில்லை. வண்டி நேராகப் போகாமல் ஒரு வட்டமடித்து என்னோடு சேர்ந்து சாய்ந்தது. லாரி டிரைவர் குதித்து வந்து இரண்டு பேரையும் தாங்கிப் பிடித்தார். சட்டையில் ஒட்டியிருந்த கருகிய தோசையைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார்.

"நைனா, ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்க மாட்டியே? நட்ந்து போ நைனா."

அந்த வாரம் நான் கேட்ட பைக் அறிவுரைகளிலேயே உருப்படியானது அதுதான்.

வண்டியை ஓரம் கட்டிவிட்டு நான் உள்ளே ஓடி வந்தபோது மேடம் இன்னும் அங்கேயேதான் நின்றிருந்தார். சார் சிரித்துக்கொண்டிருந்தார். வாய் ஒரு பக்கம் மட்டும் விரிய, தோள் குலுங்க, சத்தமே வராத சிரிப்பு. மேடம் ஹெல்மெட் கண்ணாடியை ஏற்றிவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஆஸ்பத்திரிக்குப் போனதுலேருந்து சிரிக்கவே இல்ல" என்றார் யாருக்கோ சொல்வது போல. பிறகு மணியைப் பார்த்து அலறிக்கொண்டு கிளம்பினார். எட்டு இருபத்தைந்து.

அன்று பகல் முழுவதும் நான் பட்ட பாடு சொல்லி மாளாது. சாருக்கு மாத்திரை கொடுத்தேன், உடம்பு துடைத்தேன், கைக்குப் பயிற்சி கொடுத்தேன். போன் அடிக்கும்போதெல்லாம் வேலை போய்விட்டது என்று நினைத்தேன். சாயங்காலம் மேடம் வந்தார். தேர்வறைக்குச் சரியாக எட்டு நாற்பத்து நாலுக்குப் போய்விட்டாராம். நானே முந்திக்கொண்டேன்.

"மன்னிச்சிடுங்க மேடம். நாளைக்கு வேற ஆள் அனுப்பச் சொல்றேன்."

"மத்தியானமே உங்க ஆபீசுக்குப் போன் பண்ணிட்டேன்" என்றார்.

நான் பையை எடுத்துத் தோளில் மாட்டினேன்.

"நாளைக்கும் உங்களையே அனுப்பச் சொல்லிட்டேன். ஒரே ஒரு கண்டிஷன். பைக் எடுத்துட்டு வரக் கூடாது."

நிறுவனத்தில் என் கோப்பில் அதை அப்படியே எழுதி வைத்திருக்கிறார்கள்: 'இவரை இருசக்கர வாகனத்தில் அனுப்ப வேண்டாம்.' வேலைக்கு ஆளெடுக்கும்போது மற்றவர்களிடம் வண்டி இருக்கிறதா என்று கேட்பார்கள். நான் வண்டி இல்லாததால் வேலையில் இருப்பவன். ஆறரைக்குத் தாம்பரத்தில் பஸ் ஏறுகிறேன், மேடவாக்கத்தில் மாறுகிறேன். இதுவரை ஒரு நாளும் தாமதமாகப் போனதில்லை.

இரண்டு வருடம் ஆகிறது. இப்போது இரண்டு வீட்டிலும் சாவிக்குப் பெயர் தோசைதான். வெளியே கிளம்பும்போது சுகந்தி வாசலில் நின்று "தோசைய எடுத்தாச்சா?" என்று கேட்பாள். பக்கத்து வீட்டு அக்கா ரொம்ப நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, "கோயிலுக்குப் போறப்போ கூடவா கட்டி எடுத்துட்டுப் போவீங்க?" என்று கேட்டேவிட்டார்.

போன மாதம் மேடம், காலையில் நானே திறந்துகொண்டு வரட்டும் என்று வீட்டுக்கு இன்னொரு சாவி செய்துவந்து சாரிடம் கொடுத்தார். சாருக்கு இப்போது பேச்சு நன்றாகவே வருகிறது. சாவி என்று தெளிவாகச் சொல்வார். அதை இடது கையால் என்னிடம் நீட்டினார். கொஞ்ச நேரம் யோசித்தார். வார்த்தை வராமல் தவிக்கிறார் என்று நினைத்து நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு காத்திருந்தேன்.

"ஊத்தப்பம்" என்றார்.