பாகில் புரட்டிய புரட்சி

'இனிமேல் என் வாய்க்கு நான்தான் முதலாளி' என்று லிஃப்ட்டுக்காரர் முடிவெடுத்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை, சர்க்கரை போடாத காபியின் இரண்டாவது மடக்கில். சத்தமாக அல்ல, மனசுக்குள்தான். சத்தமாகச் சொல்லியிருந்தால் மனைவி கேட்டிருப்பாள். கேட்டிருந்தால் "என்னது?" என்றிருப்பாள். அந்த "என்னது?"வுக்குப் பிறகும் உயிரோடு இருக்கிற முடிவு ஒன்றை அவர் இதுவரை எடுத்ததில்லை.

வெளியே அவர் சாமானிய ஆள் இல்லை. ஊரில் பாதி லிஃப்ட்டுகள் அவர் சொன்னால் ஏறும், அவர் சொன்னால் இறங்கும். வக்கீல், டாக்டர், வங்கி மேனேஜர் என்று எப்பேர்ப்பட்டவர்களும் இரண்டு மாடிக்கு நடுவில் மாட்டிக்கொண்டு, "ஐயா, எங்கே இருக்கீங்க? சீக்கிரம் வாங்க" என்று போனில் கெஞ்சியிருக்கிறார்கள். "பயப்படாதீங்க. எந்த பட்டனையும் தொடாதீங்க. வந்துட்டே இருக்கேன்" என்று அவர் சொல்கிற தோரணையில் லிஃப்ட்டின் கம்பிக் கயிறே கொஞ்சம் விறைத்துக்கொள்ளும். அதே மனிதர் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது அந்தத் தோரணையையும் சேர்த்துக் கழற்றி, செருப்புக்குப் பக்கத்திலேயே ஒழுங்காக வைத்துவிட்டு உள்ளே வருவார்.

மனைவிக்கு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. பெண்டாட்டி ரத்தத்தை உறிஞ்சுகிறாள் என்று மற்ற ஆண்கள் பொதுவாகப் புலம்பும்போது இவரால் அதில் கலந்துகொள்ள முடியாது. இவருக்கு அது புலம்பல் இல்லை, நடந்த சம்பவம். ஊசியைக் குத்தி, உறிஞ்சி, குழாயில் அடைத்து, பெயர் எழுதி ஒட்டிக் கொண்டுபோனவள், சாயங்காலம் வந்து கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் சொன்னாள்:

"சர்க்கரை எல்லைக்கோட்டுல நிக்குது."

"தாண்டலையே?"

"தாண்ட விடமாட்டேன்."

அன்றோடு சர்க்கரை டப்பா மறைந்தது. பிஸ்கட் மறைந்தது. ஜாம் பாட்டில் கழுவப்பட்டு, அதில் மிளகு குடிவந்தது. அவள் குரலில் இருந்த இனிப்பைக்கூட முன்னெச்சரிக்கையாகக் குறைத்துவிட்டாளோ என்று அவருக்கு ஒரு சந்தேகம்.

முடிவெடுத்த அன்றைக்கே பேக்கரிக்காரர் கூப்பிட்டார். பேக்கரியில் ஆள் ஏறும் லிஃப்ட் கிடையாது. கீழ்த்தளத்து அடுப்பிலிருந்து மேலே கடைக்கு ரொட்டித் தட்டுகளை ஏற்றுகிற குட்டி லிஃப்ட் ஒன்று உண்டு. அது ஒரு தட்டு கேக்கை வயிற்றில் வைத்துக்கொண்டு நடுவழியில் நின்றுவிட்டது. நம்மவர் போய், கதவின் சுவிட்ச்சில் படிந்திருந்த மாவைத் துடைத்தார். லிஃப்ட் ஏறியது. புருவத்தில் மாவு அப்பியிருந்த பேக்கரிக்காரர் அகமகிழ்ந்து போனார்.

"அண்ணே, கையை நீட்டுங்க."

நீட்டினார். உள்ளங்கையில் பொன்னிறமாகக் கொஞ்சம் விழுந்தது. மல்லிகை மொட்டு அளவு. ஒவ்வொன்றும் மினுமினுத்தது.

"என்னப்பா இது?"

"பைன் கொட்டை. பைன் மரத்துக் காய்க்குள்ள ஒளிஞ்சிருக்கும். லேசா வறுத்து, சர்க்கரைப் பாகுல புரட்டி ஆறவெச்சிருக்கேன்."

சர்க்கரைப் பாகு என்ற சொல் காதுக்குள் போவதற்கு முன்பே கொட்டை வாய்க்குள் போய்விட்டது. வெளியே கண்ணாடி மாதிரி நொறுங்கியது. உள்ளே வெண்ணெய் மாதிரிக் கரைந்தது. அவர் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்கு இனிப்பு ஆகாதுப்பா. வீட்ல..."

"இனிப்பா? யார் சொன்னது? அண்ணே, இது சத்து! புரதம் இருக்கு. நல்ல கொழுப்பு இருக்கு. மெக்னீசியம் இருக்கு, துத்தநாகம் இருக்கு, வைட்டமின் ஈ இருக்கு."

"சர்க்கரை?"

"அது சும்மா மேல போட்டிருக்கிற சட்டை."

லிஃப்ட்டுக்காரருக்கு உடம்பு சிலிர்த்தது. இத்தனை நாள் தேடிய வாதம் இதுதான்.

"இதை எப்படிச் சாப்பிடணும்?"

"எப்படி வேணும்னாலும். பச்சைக் காய்கறி சாலட் மேல தூவலாம். தயிர்ல கலக்கலாம். ஓட்ஸ் கஞ்சியில போடலாம். வதக்கின கீரைக்கு ரொம்பப் பொருத்தம். கேக் மேல பதிக்கலாம், ஐஸ்கிரீம் மேல கொட்டலாம். சும்மா அப்படியே வாயிலயும் போட்டுக்கலாம்."

"கடைசியா ஒண்ணு சொன்னியே, அதை மட்டும் விளக்கமா சொல்லு."

இரண்டு ஜாடி வாங்கினார். பெரிய ஜாடி, நேருக்கு நேர் போருக்கு. சின்ன ஜாடி, ஸ்பேனர்களுக்கு நடுவில், கருவிப் பைக்குள். தளபதி என்றால் கொஞ்சம் படையை மறைத்துத்தான் வைக்க வேண்டும்.

சாயங்காலம் பெரிய ஜாடியைச் சாப்பாட்டு மேஜையின் நட்டநடுவில் 'டொக்'கென்று வைத்தார். அந்த 'டொக்'கை வழியெல்லாம் மனசுக்குள் ஒத்திகை பார்த்திருந்தார்.

"என்னது?" என்றாள் மனைவி.

இந்த முறை அந்த 'என்னது?'வுக்கு அசையாமல் நின்றுவிட்டார்.

"பைன் கொட்டை."

"பைனா, ஃபைனா?"

"பைன்!"

"பளபளன்னு பாகு மின்னுதே. ஃபைன் போட்டுட வேண்டியதுதான்."

"சிரிக்காதே. இது இனிப்பு இல்ல, சத்து. புரதம் நிறைய இருக்கு."

"நிறையன்னா எவ்வளவு?"

"நிறையன்னா... நிறைய. ஜாடியிலயே கொட்டை எழுத்துல போட்டிருக்கு, படிச்சுப் பாரு."

அவள் ஜாடியைத் திருப்பி, கண்ணாடியை நெற்றியிலிருந்து மூக்குக்கு இறக்கினாள்.

"கொட்டை எழுத்துல சர்க்கரைன்னுதான் இருக்கு. கொட்டை பொடி எழுத்துல இருக்கு."

இந்த இடத்தில்தான் அவர் வழக்கமாகப் பின்வாங்குவார். இன்று வாங்கவில்லை. மார்பை நிமிர்த்தினார்.

"சர்க்கரை சும்மா மேல போட்டிருக்கிற சட்டை! உள்ள இருக்கிறதைப் பாரு. சட்டையை வெச்சா ஒருத்தரை எடை போடறது?"

மனைவி யோசித்தாள். ஜாடியைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள்.

"நியாயம்தான்" என்றாள்.

கல்யாணமான நாளிலிருந்து அந்த வீட்டில் அவர் கேட்டிராத சொல் அது. புத்தியுள்ளவன் அந்த இடத்திலேயே எழுந்து ஓடியிருப்பான். அவர் உட்கார்ந்து மீசையைத் தடவினார்.

மறுநாள் காலை ஓட்ஸ் கஞ்சி வந்தது. மேலே கொஞ்சம் பைன் கொட்டை. ஆனால் பொன்னிறத்தைக் காணோம், மினுமினுப்பைக் காணோம். குளித்துவிட்டுத் துண்டு கிடைக்காமல் நிற்பவர்கள் மாதிரி வெளுத்துப்போய்க் கிடந்தன.

"ஏன் இப்படி இருக்கு?"

"நீங்கதானே சொன்னீங்க, சர்க்கரை மேல போட்ட சட்டைன்னு? வெந்நீர்ல அலசிச் சட்டையைக் கழட்டிட்டேன். சத்து அப்படியே உள்ள இருக்கு."

"இவ்வளவுதானா?"

"அளவாத்தான் சாப்பிடணும். கொழுப்பு ஜாஸ்தி."

"நல்ல கொழுப்புன்னு பேக்கரிக்காரன் சொன்னானே!"

"நல்லதோ கெட்டதோ, உங்களுக்கு ஏற்கெனவே போதுமான கொழுப்பு இருக்கு."

மதியம் டிபன் டப்பாவைத் திறந்தால் வதக்கின கீரை, மேலே சட்டையில்லாத கொட்டை. இரவு சாலட், மேலே சட்டையில்லாத கொட்டை. பேக்கரிக்காரர் சொன்ன அத்தனை பக்குவமும் வரிசையாக வந்தன, கேக்கையும் ஐஸ்கிரீமையும் தவிர. கேவலமாக இருந்தது என்றும் சொல்ல முடியவில்லை. கீரைக்கு அது நிஜமாகவே பொருத்தம்தான். அதுதான் அவருக்கு இன்னும் ஆத்திரம்.

அடுத்த நாள், ஊரிலேயே உயரமான கட்டடத்தின் மொட்டைமாடியில், மோட்டார் அறைக்குள் தனியாக நின்று, அவர் சின்ன ஜாடியைத் திறந்தார். கீழே ஜனங்கள் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தார்கள். மோட்டார் உறுமியது. அவரும் உறுமினார்.

"சட்டையைக் கழட்டுவியா? இந்தா, சட்டையோட தின்னுறேன். பாரு!"

ஒரு பிடி. "இது கஞ்சிக்கு." இன்னொரு பிடி. "இது கீரைக்கு." மூன்றாவது பிடியில் காரணம் தீர்ந்துவிட்டது, கொட்டை தீரவில்லை. காரணம் இல்லாமலே தின்றார். கடைசியில் ஜாடியைக் கவிழ்த்து, அடியில் ஒட்டியிருந்த பாகுத் துணுக்கை ஸ்க்ரூடிரைவரால் சுரண்டினார். இறங்கி வரும்போது, சொந்த லிஃப்ட்டில் இறங்கும் ராஜா மாதிரி இருந்தார்.

வெள்ளிக்கிழமையும் நல்லபடியாகவே கழிந்தது. சனிக்கிழமை காலை காபி கசந்தது.

சர்க்கரையில்லாத காபி கசக்கத்தான் செய்யும். ஆனால் இது வேறு கசப்பு. நாக்கின் பின்பக்கம் யாரோ இரும்புத் துண்டை வைத்துத் தேய்த்த மாதிரி. ரொட்டியைக் கடித்தார், கசந்தது. வாழைப்பழத்தை உரித்தார், வாழைப்பழமே கசந்தது. உலகத்தில் வாழைப்பழத்தைக் கசக்க வைக்கக்கூடிய ஆள் ஒருத்திதான் என்று அவருக்குப் பட்டது.

"என்ன கலந்தே?"

"எதுல?"

"எல்லாத்துலயும்! சர்க்கரையைக் குறைக்கிறேன்னு ஏதோ கசப்பு மருந்தைத் தூவுறே."

அவள் அவர் காபியை எடுத்து ஒரு வாய் குடித்தாள். ரொட்டியைப் பிட்டுத் தின்றாள்.

"எனக்குக் கசக்கலையே."

"நடிக்காதே! நமக்குள்ள கசப்பே இல்லாமதான் இருந்துது. இப்ப நீயே அரைச்சு ஊத்துறே!"

"நாக்கை நீட்டுங்க."

நீட்டினார். கோபத்தோடு நீட்டினார். நாக்கை நீட்டியபடி கோபமாக இருப்பது எவ்வளவு சிரமம் என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். அவள் டார்ச் அடித்துப் பார்த்தாள்.

"வெளியில வேற ஏதாவது சாப்பிட்டீங்களா?"

"இல்ல!" கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது.

"ஓ" என்றாள். உதட்டோரத்தில் சின்னதாக ஒரு சிரிப்பு வந்து, உடனே உள்ளே போய்விட்டது. அவர் அதைக் கவனிக்கவில்லை. எழுந்து நின்று, பக்கத்து வீட்டில் தண்ணீர்க் குழாயை நிறுத்திவிட்டுக் கேட்கிற அளவுக்கு முழங்கினார்.

"கேட்டுக்கோ! இன்னையிலிருந்து இந்த வீட்ல நான் நினைச்சதைத்தான் தின்பேன். இனிப்பு உட்பட! யாரும் தடுக்க முடியாது!"

"சரிங்க."

"என்னது?" என்றார் அவர்.

"சரின்னேன். பாவம், எவ்வளவு நாள்தான் ஆசையை அடக்குவீங்க? நாளைக்கு ஞாயித்துக்கிழமை. கேக் செய்யறேன். சட்டையோட இருக்கிற கொட்டையை மேல பதிச்சு. பேக்கரிக்காரரையும் கூப்பிடுங்க."

புரட்சி வென்றுவிட்டது. எதிரி வெள்ளைக்கொடியோடு மாவையும் பிசைகிறாள்! அன்று முழுக்க எதைத் தின்றாலும் கசந்தது. பரவாயில்லை, மருந்து கலந்த கடைசிச் சாப்பாடு என்று மன்னித்துத் தின்றார்.

ஞாயிறு மாலை கேக் மேஜைக்கு வந்தது. இளம்பழுப்பு நிறம், வெண்ணெய் வாசனை, மேலே பொன் தூவியது போல் பாகில் புரட்டிய பைன் கொட்டைகள். பேக்கரிக்காரர் புருவத்தைக் கழுவிக்கொண்டு வந்திருந்தார். பார்த்ததும், "அண்ணி, என் கடையை மூட வெச்சுடுவீங்க போலிருக்கே" என்றார்.

லிஃப்ட்டுக்காரர் தானே கத்தியை எடுத்தார். இருப்பதிலேயே பெரிய துண்டு. "உரிமைன்னு ஒண்ணு இருக்குப்பா. கேட்டுப் பார்க்கணும். கிடைக்கலைன்னா எடுத்துக்கணும்" என்று பேக்கரிக்காரருக்கு உபதேசம் செய்துவிட்டு, வாய் நிறையப் போட்டார்.

மென்றார்.

மெல்வதை நிறுத்தினார்.

ஒரு சீசா மாத்திரையை ஒன்றாகப் பொடித்து வாயில் கொட்டினால் எப்படி இருக்கும்? அதற்கு மேல் கொஞ்சம் பழைய ஆணி.

"எப்படிங்க இருக்கு?" என்றாள் மனைவி.

"இதுலயும் கலந்துட்டா!" என்று துப்பாத குறையாகக் கத்தினார். "கேக்கும் கசக்குதுப்பா!"

"தேன் மாதிரி இருக்குண்ணே" என்றார் பேக்கரிக்காரர், வாயெல்லாம் கேக்காக. பிறகு மெல்வதை மெதுவாக்கினார். "இருங்க... எதைச் சாப்பிட்டாலும் கசக்குதா? ஒரு மாதிரி இரும்பு வாடையோட?"

"ஆமா."

"அட, அது பைன் கொட்டை வேலைண்ணே! சில பேருக்கு, சில கொட்டை ஒத்துக்காது. தின்ன மறுநாளோ அதுக்கு மறுநாளோ வாய் கசக்க ஆரம்பிக்கும். ஆபத்து ஒண்ணும் இல்ல, தானா சரியாயிடும். நேத்துக்கூட ஒருத்தர் வந்து சொன்னார், அந்த மூட்டையையே ஒதுக்கி வெச்சுட்டேன்." சொல்லிக்கொண்டே போனவர், நல்லெண்ணத்தோடு குழியையும் ஆழமாக வெட்டினார். "ஏண்ணே, அந்தச் சின்ன ஜாடியை ஒரே மூச்சுல காலி பண்ணிட்டீங்களா?"

மனைவி கத்தியை எடுத்துத் தன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

"எந்தச் சின்ன ஜாடி?" என்றாள் மனைவி, பால் வடியும் முகத்தோடு.

அவருக்கு அப்போதுதான் எல்லாம் உறைத்தது. "உனக்கு முன்னாடியே தெரியும்!"

"லேபுக்கு இதே மாதிரி ஒருத்தர் வந்திருந்தார். வாய் கசக்குதுன்னு பயந்துபோய் இருக்கிற ரத்தத்தையெல்லாம் பரிசோதிக்கச் சொன்னார். கடைசியில பார்த்தா பைன் கொட்டை. நான் அலசிப் போட்டதை நானும்தான் சாப்பிட்டேன், எனக்கு ஒண்ணும் ஆகல. அப்ப நீங்க வேற எங்கேயோ வேட்டையாடியிருக்கீங்க."

வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்தில் தலையைக் குனிந்திருப்பார்கள். அவர் குனியவில்லை. இன்னொரு துண்டைப் பெரிதாக வெட்டினார்.

"ஆமா, தின்னேன்! மொட்டைமாடியில நின்னு தின்னேன்! அதனால என்ன? நான் நினைச்ச இனிப்பைத் தின்னலாம்னு நீ சொன்னது சொன்னதுதான். வாக்கு மாறக் கூடாது!"

"மாறவே மாட்டேன். தாராளமா சாப்பிடுங்க. ஜாம்கூட வாங்கி வெச்சிருக்கேன்."

அவர் தின்றார். கண்ணில் தண்ணீர் வந்தது. "பிரமாதம்" என்றார், விழுங்க முடியாமல். இன்னொரு வாய் தின்றார். பிறகு, ஏதோ பொது அறிவுக்காகக் கேட்பது போல், பேக்கரிக்காரர் பக்கம் சாய்ந்தார்.

"இது எத்தனை நாளைக்குப்பா இருக்கும்?"

"சொல்ல முடியாதுண்ணே. சிலருக்குச் சில நாள், சிலருக்கு வாரக்கணக்கு."

மனைவி தனக்கு இன்னொரு துண்டு எடுத்துவைத்துக்கொண்டாள். மேலே இருந்த கொட்டையைக் கடித்து, கண்ணை மூடி ரசித்தாள்.

"வாய் எப்ப சரியாகுதோ அப்ப ஒரு வார்த்தை சொல்லுங்க. அன்னையிலிருந்து இனிப்பை நிறுத்திடலாம்."