சிவப்பு விளக்கில் தூங்க மறுக்கும் வண்டி

நிஷ் நகரம், மார்ச் 11

மதிப்புக்குரிய அண்ணன் வுகாஷினுக்கு,

நீயும் அண்ணியும் நலமென்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் நலம், நீ கொடுத்த வண்டியைத் தவிர. ஒரு காருக்கு ஆள் அடையாளம் தெரியுமா?

சிவப்பு விளக்கில் நின்றால் எஞ்சின் தானே அணையும், பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் தானே விழிக்கும் என்று நம் குடும்பப் புனிதரின் திருநாளில், ரொட்டி வெட்டிய கையோடு சத்தியம் செய்தாய். நான் தனியாகப் போனால் அப்படித்தான் செய்கிறது. என் மாமியார் தெசாங்கா பக்கத்தில் உட்கார்ந்தால் அணைவதே இல்லை. தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள் ஆயிற்றே, குறிப்பேடு போட்டேன். தனியாகப் பதினான்கு பயணம், பதிமூன்றில் அணைந்தது. அத்தையோடு முழங்கால் சிகிச்சைக்கு ஒன்பது பயணம், ஒன்றில்கூட இல்லை. எடைதான் காரணமோ என்று முட்டைக்கோஸ் ஊறுகாய்ப் பீப்பாயை அதே இருக்கையில் பெல்ட் போட்டு உட்கார வைத்தேன். எஞ்சின் சமர்த்தாக அணைந்தது. மெக்கானிக் ராதோமிர் அரை நாள் தலையை உள்ளே விட்டுப் பார்த்தார். "அக்கா, பேட்டரி நல்லா இருக்கு, பானெட் மூடியிருக்கான்னு பாக்கற சென்சாரும் நல்லா இருக்கு. மாமியாரை மாத்தறதுக்கு எங்கிட்ட ஸ்பேர் பார்ட் கிடையாது" என்றார். அத்தையோ, "உங்க அண்ணன் என்னைக்குடி உருப்படியான சாமானைக் கொடுத்திருக்கான்?" என்கிறார். இத்தனை வருடம் உனக்காகப் பரிந்து பேசினேன். இனி முடியாது. சனிக்கிழமை வந்து வண்டியை எடுத்துப் போ. ஈஸ்டருக்கு நீ வருவதைப் பற்றி அப்புறம் பார்க்கலாம்.

அண்ணியின் முதுகுவலி தீரட்டும். உன்னைக் கடவுள் நன்றாக வைக்கட்டும், உன் வண்டியோடு சேர்த்து.

தங்கை யாஸ்மிங்கா

பி.கு. (மார்ச் 12): உறையை ஒட்டுமுன் இன்று நடந்ததையும் எழுதிவிடுகிறேன். அத்தையை உட்கார வைத்துவிட்டு, வழக்கம்போல ஊன்றுகோலை டிக்கியில் வைக்கப் போனேன். கையில் அது இல்லை, வீட்டிலேயே மறந்திருந்தேன். உடனே முன்னால் திரும்பி வந்தால், அத்தையின் கை முன்கண்ணாடிக்குச் சூடு ஊதும் குமிழைக் கடைசிவரை திருகிக்கொண்டிருக்கிறது.

"என்ன அத்தை பண்றீங்க?"

"இடுக்கு வழியா காத்து வருதுடி. கழுத்துல அடிச்சா வாய் கோணிக்கும்."

அவ்வளவு சூடு ஊத எஞ்சின் ஓடியாக வேண்டுமே, அது எப்படித் தூங்கும்? வண்டிக்குள் புழுங்கியதை நான் குறிப்பேட்டில் எழுதவே இல்லை. அத்தை இருக்கும் இடம் புழுங்கத்தானே செய்யும். படித்தவள்தான், ஆனால் நானும் அந்தக் காற்றுக்குப் பயந்து வீட்டில் எதிரெதிர் ஜன்னல்களை ஒருநாளும் சேர்த்துத் திறந்ததில்லை.

சூட்டை நிறுத்தினேன். ஆற்றுப் பாலத்துச் சிவப்பு விளக்கில் எஞ்சின் அணைந்தது. அத்தை சிலுவை போட்டுக்கொண்டார்.

"செத்துப்போச்சு! உங்க அண்ணன் வண்டி நடுரோட்டுல செத்துப்போச்சு!"

கை நீண்டது, குமிழைத் திருகியது. எஞ்சின் விழித்தது.

"பாத்தியா? இதுக்குப் போயி மெக்கானிக்காம்!"

சனிக்கிழமை வராதே, ஈஸ்டருக்கு வா. நீ கெட்ட வண்டியைக் கொடுத்ததாகவும், தானே அதைச் சரிசெய்ததாகவும் அத்தை இன்று மாலைக்குள் எங்கள் கட்டடத்தின் நான்கு மாடிக்கும் சொல்லிவிட்டார். நானும் பக்கத்தில் நின்று தலையாட்டினேன்.