செம்புக்குள் போன ஏழு மாதம்

விழுந்துவிடுமோ என்று பயந்து நான் நகர்த்தி வைத்த சாமான்கள்தான் என் வாழ்க்கையில் அதிகம் உடைந்திருக்கின்றன. தைரியசாலிகள் உடைத்தது அதில் பாதிகூட இருக்காது.

எழுபதுகளின் கடைசியில், சங்கரன்கோவிலில் சாயத்தண்ணீர் ஓடும் ஓடைக்குப் பக்கத்தில் பல்கலைக்கழகக்காரர்கள் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்தார்கள். உலோகம் கலந்த தண்ணீரிலும் சாகாத பாக்டீரியாக்களைத் தேடும் ஆராய்ச்சி. எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டு, தறியில் நூல் அறுந்துவிடுமோ என்ற கவலையிலேயே இளைத்துப்போயிருந்த எனக்கு அங்கே உதவியாள் வேலை கிடைத்தது.

வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிடுவேன். (போட்டுக்கொண்டே வரச்சொல்லி அவர்கள்தான் கெஞ்சினார்கள். கண்ணாடித் துண்டு கிடக்குமாம்.) கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் கோடிக்கணக்கில் வாழும் வீட்டுக்குள் செருப்போடு எப்படிப் போவது? முதல் மாதம் மூச்சைக்கூடப் பாதி பாதியாகத்தான் விட்டேன்.

ஆராய்ச்சி மாணவி ரோஸ்லின் மேடம் ஏழு மாதமாக ஒரு குடுவையில் பாக்டீரியாக்களை வளர்த்துவந்தார். வாரத்துக்கு ஒரு சொட்டு மயில்துத்தக் கரைசல். அதைத் தாங்கிக்கொண்டால் அடுத்த வாரம் இரண்டு. பிள்ளைக்குக் காரம் பழக்குவதுபோல. துணைக்கு வைத்திருந்த குடுவையில் பூஞ்சை பிடித்துவிட்டதால், மிச்சம் அது ஒன்றுதான். திங்கட்கிழமை பேராசிரியர் வந்து பார்த்துத்தான் ஆராய்ச்சி தொடருமா என்று சொல்வார்.

சனிக்கிழமை மேடம் ஊருக்குக் கிளம்பும்போது, "பாத்துக்கிட்டா போதும் அண்ணாச்சி. தொடவே வேண்டாம், கேட்டியளா?" என்றார்.

பார்த்தேன். பார்க்கப் பார்க்க அது மேசை விளிம்புக்கு நகர்ந்து வருவதுபோல் இருந்தது. மத்தியானம்வரை பொறுத்தேன். பிறகு இரண்டு விரல் உள்ளே தள்ளினேன். சுவரில் இடித்துக் கீறல் விட்டது. கசிய ஆரம்பித்தது.

பல்கலைக்கழகத்து உயிர்களைக் கண்ட டப்பாவில் ஊற்றலாமா? அடியில் ஒரு தட்டை வைத்துவிட்டு அடுத்த தெருவிலிருந்த என் வீட்டுக்கு ஓடினேன். மனைவி புளி போட்டுத் துலக்கி வைத்திருந்த செம்பைக் கொண்டுவந்து, வெந்நீரில் அலசி, மரியாதையாக ஊற்றி மூடினேன். அசல் தாமிரச் செம்பு. மயில்துத்தத்துக்குள் இருப்பதும் தாமிரம்தான் என்பது ஒன்பதாம் வகுப்புப் பாடம் போலிருக்கிறது.

திங்கட்கிழமை திறந்தபோது தண்ணீர் பச்சை பூத்திருந்தது. மேடம் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"வேற ஏனமே கிடைக்கலையா அண்ணாச்சி?"

"இருக்கதுலயே நல்ல ஏனம் இதுதான், மேடம்."

பேராசிரியர் செம்பைச் சாய்த்துப் பார்த்தார். "அந்தப் பிள்ள ஏழு மாசமா சொட்டுச் சொட்டா குடுத்துச்சு. நீரு அதுகளைக் குடும்பத்தோட தூக்கி உள்ள போட்டுட்டீரே, வே."

இருந்தும், ஏதாவது பிழைத்திருந்தால் முளைக்கட்டும் என்று ஒரு துளியை எடுத்து, பாக்டீரியா வளர்க்கும் கண்ணாடித் தட்டில் தடவச் சொன்னார். மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. கோயிலுக்குப் போனேன். காணிக்கைக்குப் பாம்பு உருவம் விற்றார்கள், தேள் உருவம் விற்றார்கள். பாக்டீரியா இல்லை. தேளை வாங்கிப் போட்டேன்.

நான்காம் நாள் தட்டில் மூன்று வெள்ளைப் புள்ளிகள். மேடம் சத்தமில்லாமல் அழுதார். பேராசிரியர் என்னை நுண்ணோக்கியிடம் கூப்பிட்டார்.

"பாரும் வே. உம்ம செம்புக்கே சாகாதவன்."

வெளிச்ச வட்டத்துக்குள் சின்னச் சின்னக் கோல்கள் நெளிந்துகொண்டிருந்தன. சுற்றிலும் விஷச் சுவர், கூட இருந்தவர்கள் கோடிப் பேர் செத்தாயிற்று. இவர்களோ சந்தைக்குப் போகிறவர்களைப்போல அவரவர் வேலையாகப் போய்க்கொண்டிருந்தார்கள். நூல் அறுவதற்கே நடுங்கிய நான் கைகூப்பிவிட்டேன். கூப்பிய கை நுண்ணோக்கியில் இடித்தது. மேடம் பாய்ந்து பிடித்தார்.

அந்த மூன்று புள்ளிகளிலிருந்துதான் ஆராய்ச்சி தொடர்ந்தது. சில வருடம் கழித்து மேடம் தன் ஆய்வேட்டைக் கொண்டுவந்து நன்றிப் பக்கத்தைத் தமிழில் சொல்லிக்காட்டினார். பேராசிரியருக்கு, பெற்றோருக்கு, கடைசியில் 'சங்கரன்கோவில் செம்புக்கு'. என் பெயர் இல்லை.

இன்றும் விருந்தாளி யார் வந்தாலும் என் மனைவி அந்தச் செம்பில்தான் தண்ணீர் கொண்டுவருவாள்.

"எங்க வீட்டுல புஸ்தகத்துல பேரு வந்தது இது ஒண்ணுதான். இவுக அதைத் தூக்கிட்டுப் போனவுக."