நீலத்துக்கு நேர் எதிரே ஆரஞ்சு

உலகத்தில் முறிந்துபோன காதல்களில் சரிபாதி, பொருந்தாத நிறங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததால் முறிந்தவைதான் என்று புரொபசர் அறிவித்தபோது, அவனுடைய அக்கா ஊருக்குக் கிளம்பும் அவசரத்திலும் ஒரு மணி மாலையைக் கோத்துக்கொண்டிருந்தாள்.

புரொபசர் என்பது வீட்டார் வைத்த பட்டம். வயது பத்தொன்பது. டிசைன் கல்லூரியில் ஒரே ஒரு பருவம் படித்துவிட்டு, எந்த நிறத்துக்கு எது பொருந்தும் என்று காட்டும் ஒரு நிறச் சக்கரத்தோடு விடுமுறைக்கு வந்திருந்தான். மணி மாலை செய்து விற்பது அக்காவின் தொழில்.

"ஏன்க்கா, கண்ணை மூடிக்கிட்டு டப்பாவைத் துழாவறே? லாட்டரிச் சீட்டா எடுக்கறே?"

"பாட்டு டீச்சருக்கு இப்படித்தான்டா கோக்கணும். ஏன்னா—"

"சயின்ஸ்ல இல்லாத ஏன்னா எனக்கு வேண்டாம். நான் முடிச்சுக் குடுத்துடறேன். பஸ் போயிடும், கிளம்பு."

"என் முதல் கஸ்டமர்டா அவங்க. சாயங்காலம் மேடை ஏறணும். சொதப்பி வச்சே, தொலைச்சுடுவேன்."

அக்கா தெரு முனை திரும்புவதற்குள் புரொபசர் மாலையை உருவிப் போட்டுவிட்டான். வாங்கிப் போக வந்த டீச்சரின் வேன் டிரைவரிடம் கேட்டான்.

"டீச்சருக்கு இன்னைக்கு என்ன கலர் டிரஸ்?"

"நீலம்னு நெனைக்கிறேன்."

சக்கரத்தில் நீலத்துக்கு நேர் எதிரே ஆரஞ்சு. கோத்துக் கொடுத்தான். ஒரு மணி நேரத்தில் மாலை திரும்பி வந்தது.

"பிடிக்கலையாம், தம்பி."

"எந்த நிறம் பிடிக்கலையாம்?"

"அதெல்லாம் சொல்லலை. போட்டாங்க, கழட்டிட்டாங்க."

எதிர் நிறம் ஆகாதென்றால் பக்கத்து நிறம். நீலத்தோடு பச்சை. அந்தப் பச்சை, ஓரம் வெட்டிய கண்ணாடி மணியில்தான் கிடைத்தது. அரை மணி நேரத்தில் டிரைவர் வாசலில் நின்றார்.

"முகத்தைச் சுளிச்சாங்க."

"பச்சையைப் பாத்தா, நீலத்தைப் பாத்தா?"

"எனக்கு வேன் ஓட்டத் தெரியும், தம்பி. இதெல்லாம் தெரியாது."

அக்காவுக்குப் போன் செய்யலாம். செய்தால் நிறச் சக்கரத்தின் மானம் கப்பலேறிவிடும். ஆகவே நீலம், சிவப்பு, மஞ்சள் என்று முக்கோணமாக ஒரு மாலை. அசல் மஞ்சள் பித்தளை மணியில் மட்டுமே இருந்தது; ஒவ்வொன்றும் கூழாங்கல் கனம், ஓரமெல்லாம் கூர். டீச்சருக்குப் புரிய வேண்டுமே என்று வழவழப்பான காகிதத்தில் படம் வரைந்து, அம்புக்குறி போட்டு, நிறத் தத்துவத்தை ஒன்றரைப் பக்கம் விளக்கி அதையும் வைத்து அனுப்பினான்.

இந்த முறை இருபது நிமிடம்கூட ஆகவில்லை.

"தம்பி, கோவமா இருக்காங்க. இன்னும் முக்கால் மணி நேரத்துல கிளம்பணும். மாலையே வேண்டாம், இனிமே வேற கடை பாத்துக்கறேன்னு சொல்றாங்க."

அக்காவின் முகம் கண்ணுக்குள் வந்து பயமுறுத்தியது.

"லெட்டர் வச்சிருந்தேனே? அதைப் பாத்துமா புரியலை?"

"அது ரொம்பப் பிடிச்சிருந்தது. தடவிப் பாத்துட்டு, 'காகிதம் எவ்வளவு வழவழன்னு இருக்கு, மாலை ஏன் இப்படிக் குத்துது'ன்னு கேட்டாங்க."

"தடவினாங்களா? படிக்கலையா?"

"பொறந்ததுலேருந்தே அவங்களுக்குக் கண்ணு தெரியாதே. அக்கா சொல்லலையா?"

புரொபசர், அக்கா துழாவிய அந்த மர மணி டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, மெல்லத் துழாவ ஆரம்பித்தான்.