ஐந்தாவது கையெழுத்து

தென்கடலில் ஒரு பெருநிலம் இருக்கிறது என்று உலகம் ஒப்புக்கொள்ள வேண்டுமானால், கப்பல் சபையார் ஐந்து பேரும் கையெழுத்துப் போட வேண்டும். கேப்டன், துணைக் கேப்டன், சரக்குப் பொறுப்பாளர், எழுத்தர், தச்சர். நாலு பேர் மட்டும் போட்டால் அது நிலம் இல்லை, மேகம். இது எங்கள் கும்பினியின் சட்டம். எந்தக் கும்பினி என்று சொல்லமாட்டேன். இன்னும் அவர்கள் உப்பைத்தான் தின்கிறேன்.

'வெண்நாரை' கப்பலின் எழுத்தர் நான். கும்பினியின் தலைமைத் துறைமுகமான பத்தேவியாவிலிருந்து தெற்கே போனோம், நிலமும் கிடைத்தது. மூன்று நாள் ஓரமாகவே ஓடியும் முடியாத நிலம். உடைந்த துடுப்புக்கு மரம் வெட்டத் தச்சர் லாம்பர்ட் கரையில் இறங்கிய நேரம் பார்த்துப் புயல் வந்தது. கப்பல் பிழைத்தால் போதும் என்று நங்கூரத்தை அறுத்துவிட்டு ஓடினோம். லாம்பர்ட் கரையிலேயே நின்றுவிட்டார்.

பத்தேவியா திரும்பியதும், கண்டுபிடிப்புகளைப் பதியும் கச்சேரியின் பெரிய அதிகாரி யோஸ்ட் எங்கள் தாளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

"நாலுதான் இருக்கு."

"தச்சர் அந்தக் கரையில மாட்டிக்கிட்டாருங்க," என்றார் கேப்டன் ரெய்னர். "கப்பல் அனுப்பிக் கூட்டிட்டு வரணும்."

"எந்தக் கரை?"

"நாங்க கண்டுபிடிச்ச கரை."

"அஞ்சு கையெழுத்து இல்லாம நீங்க எதைய்யா கண்டுபிடிச்சீங்க? இல்லாத கரைக்குக் கப்பல் அனுப்பினா என்னைப் பைத்தியக்காரன்னு சொல்லமாட்டாங்களா?"

லாம்பர்ட்டின் மனைவி நேல்கே துறைமுகத்தில் ரொட்டி சுடுகிறவள். கையெல்லாம் மாவோடு ஓடிவந்து நின்றிருந்தாள்.

"அப்ப என் வீட்டுக்காரர் எங்கதாங்க இருக்கார்?"

"கடல்லதாம்மா இருக்கணும். ஆனா முழுகிட்டார்னும் எழுத முடியாது. முழுகினதைப் பார்த்தேன்னு யாரும் கையெழுத்துப் போடலையே."

"கரையிலயும் இல்ல, கடல்லயும் இல்ல. ரொம்ப நல்லா இருக்குய்யா உங்க நியாயம்!"

"நியாயம் பக்கத்து அறைம்மா. இது பதிவு."

ஐந்து மாதம் அவள் நடையாய் நடந்தாள். பிறகு ஒருநாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வேறு மாதிரி பேசினாள்.

"ஐயா, என் புருஷனை விடுங்க. உங்க பத்திரத்துல ஒரு கையெழுத்து குறையுதே, அதை வாங்கிட்டு வர ஒரு கப்பல் அனுப்பக் கூடாதா?"

யோஸ்டுக்கு முகமெல்லாம் பல். "இதை முதல்லயே சொல்றதுக்கு என்னம்மா?"

மறுநாளே கப்பல் தயார். உத்தரவு இதுதான்: 'குறைவுபட்ட கையெழுத்தை, மேற்படி நிலத்தின் மண்ணில் நின்றபடியே பெற்று, காலதாமதமின்றிக் கொண்டுவந்து சேர்க்கவும்.'

நாங்களே மறுபடி போனோம். லாம்பர்ட் உயிரோடு இருந்தார். கரைக்காரர்களோடு உட்கார்ந்து சுட்ட மீன் தின்றுகொண்டிருந்தார். அவர்கள் காலங்காலமாக அங்கேயே வாழ்கிறவர்கள். ஆனால் ஒருவரும் கையெழுத்துப் போடாத காரணத்தால், அந்த நிலம் இருப்பது அவர்களுக்குத் தெரியும் என்று கொள்வதற்கில்லை.

கேப்டன் பேனாவை நீட்டினார். லாம்பர்ட் உத்தரவை வாங்கி இரண்டு தரம் படித்தார்.

"என்னைக் கூட்டிட்டு வரச் சொல்லி இதுல ஒரு வார்த்தையும் இல்லையே."

"முதல்ல போடுப்பா. அப்புறம் பேசிக்கலாம்."

"போட்டப்புறம் என்கிட்ட பேச உங்களுக்கு என்ன இருக்கு? கப்பல்ல ஏத்துங்க. பத்தேவியா வந்து போடறேன்."

"மண்ணுல நின்னுதான் போடணுமாம்."

"அப்ப மண்ணையும் ஏத்துங்க!"

ஒரு மரத்தொட்டி நிறைய மணல் அள்ளிச் சுமந்தோம். கரைக்காரர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. தொட்டியின் ஒரு பக்கத்தை நான் பிடித்திருந்ததால் சிரிக்கவில்லை.

கச்சேரியில் லாம்பர்ட் செருப்பைக் கழற்றினார், தொட்டிக்குள் ஏறி நின்றார், கையெழுத்துப் போட்டார். "ஐயோ, எப்படி இளைச்சுட்டீங்க!" என்று நேல்கே வாய்விட்டு அழுதாள். யோஸ்ட் முத்திரை வைத்தார்.

"வாங்க, வீட்டுக்குப் போகலாம்," என்று கையைப் பிடித்தாள் நேல்கே.

"யாரைம்மா கூட்டிட்டுப் போறே?" என்றார் யோஸ்ட்.

"என் புருஷனை."

"அவர் தென்நிலத்துலதானே இருக்கார்? அந்த மண்ணுல நின்னு கையெழுத்துப் போட்டார்னு இப்பத்தானே முத்திரை வெச்சேன். அவர் இங்க இருந்தா பத்திரம் பொய். பத்திரம் பொய்னா நிலமே இல்ல."

"இவரை எனக்குத் தெரியாதா?"

"உனக்குத் தெரியலாம். பதிவுக்குத் தெரியலையே. அழாதேம்மா, இனிமே கவலையே இல்ல. இப்பத்தான் கரை இருக்கே! உன் புருஷனை மீட்டுட்டு வரக் கப்பல் அனுப்பிடுவோம்."

அந்தக் கரை தெரிந்த வழிகாட்டி ஒருவர் வேண்டுமே என்று யோஸ்ட் சுற்றுமுற்றும் பார்த்தார். லாம்பர்ட்டைக் காட்டி, "இவர் விவரமானவராத் தெரியறார், இவரையே அனுப்புங்க," என்றார். வாசலில் நின்ற ஈட்டிக்காரர்கள் இரண்டு பேர் உள்ளே வந்தார்கள்.

லாம்பர்ட்டைத் தேடி லாம்பர்ட்டை அனுப்பும் தீர்மானம் எழுதப்பட்டது. எழுதியது நான்தான். அதற்கும் சபையார் ஐந்து பேரும் கையெழுத்துப் போட வேண்டும். கேப்டன் யார் முகத்தையும் பார்க்காமல் போட்டார். துணைக் கேப்டன், சரக்குப் பொறுப்பாளர், புதிதாகச் சேர்ந்த தச்சர், எல்லாரும் போட்டார்கள். தாள் என்னிடம் வந்தது.

நேல்கே என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க போடாதீங்க அண்ணே. நாலு கையெழுத்துன்னா செல்லாதே! இவர் வீட்டுக்கு வந்துடுவாரே!"

அவள் சொன்னது சட்டப்படி முழுக்கச் சரி. லாம்பர்ட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கும் பெண்டாட்டி பிள்ளை இருக்கிறார்கள். போடாவிட்டால் என்னை எந்தக் கரையில் இறக்கிவிட்டு வருவார்களோ, யார் கண்டது?

போட்டேன். யோஸ்ட் தாளை வாங்கிப் பார்த்தார்.

"ஐயா, உமக்குத்தான் எவ்வளவு அழகான கையெழுத்து!" என்றார்.