வாசல் மகானும் ஒரு பாட்டில் தீர்த்தமும்

வயிற்று வலிக்கு இனி வைத்தியர் எதற்கு, வாசல் மகான் வந்துவிட்டாரே! ஊரெல்லாம் இதே பேச்சு. மூடிக்கிடந்த பழைய சினிமா தியேட்டரில் மகான் இறங்கியிருந்தார். டிக்கெட் கவுண்டரில் தீர்த்தம் விற்றது. படம் ஓடிய காலத்தில்கூட அங்கே இத்தனை கூட்டம் இல்லை.

மகானின் தத்துவம் எளியது. குடலில் கண்ணுக்குத் தெரியாத வாசல்கள் உண்டு. அவற்றின் வழியே கெட்ட ஆவி புகுந்து வலியாகக் குடியிருக்கும். தாதுத் தீர்த்தம் குடித்தால் அலறி ஓடிவிடும். ஆவி ஓடியதோ இல்லையோ, குடித்தவர்கள் ஓடினார்கள். கழிப்பறையில் ஒவ்வொரு தாழ்ப்பாள் விழும்போதும் வெளியே நின்ற பக்தர்கள், "போயிடுச்சு! போயிடுச்சு!" என்று கை தட்டினார்கள். என்ன பக்தி, என்ன பரவசம்!

அந்தக் கழிப்பறை வரிசையில் ஒரு பேக்கரிக்காரனும் நின்றான். நின்றான் என்று மரியாதைக்குச் சொல்கிறேன், சுவரில் சரிந்துகொண்டிருந்தான். வலியோடு ஏற்கெனவே வயிற்றுப்போக்கும் உள்ளவன். மாத்திரையை நிறுத்து என்றார் மகான். நிறுத்தினான். தினமும் தீர்த்தம் குடித்தான். இப்போது கண் குழிந்து, உதடு வெடித்து, மாவு பிசையவும் கையில் தெம்பில்லை.

மருந்துக்கடை நடத்தும் அவன் அண்ணி தேடிக்கொண்டு வந்தாள்.

"டேய், உன் மூஞ்சியப் பாத்தியா? கிளம்பு, ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

"சும்மா இருங்க அண்ணி. எனக்குள்ள இருக்கிறது பெரிய ஆவியாம். கொஞ்சம் கொஞ்சமாத்தான் போகுமாம்."

"இப்படியே விட்டா ஆவி இருக்கும், நீ போயிடுவடா!" அண்ணிக்குக் கண் கலங்கிவிட்டது.

அவன் கையிலிருந்த பாட்டிலைப் பிடுங்கி ஒரு சொட்டு நாக்கில் வைத்தாள். கசப்பு. அவள் கடையில் பொட்டலம் போட்டு விற்கிற அதே கசப்பு.

"தவம் பண்றவங்க காடு, மலைன்னு தேடிப் போவாங்க. இந்த ஆளு கக்கூஸ் நிறைய இருக்கிற இடமாப் பாத்துப் பிடிச்சிருக்காரே, ஏன்னு யோசிச்சியா?"

யோசிப்பதாவது! அவள் அவனையும் இழுத்துக்கொண்டு நேராக மகான் இருந்த மேடைக்கு நடந்தாள்.

"மகானே, உங்க வயித்துல ஆவி இருக்கா?"

மகான் மைக்கில் சிரித்தார். "என்கிட்ட நெருங்குமாம்மா அது?"

"அப்ப தீர்த்தம் குடிச்சா உங்களுக்கு ஒண்ணும் ஆகாது?"

"ஒண்ணும் ஆகாது." சொன்ன பிறகுதான் மகானுக்குச் சுருக்கென்றது.

"அப்ப இதக் குடிச்சிட்டு இங்கயே உக்காந்து பேசுங்க. ஒண்ணும் ஆகலன்னா நான் உங்க கால்ல விழறேன். ஆச்சுன்னா என் கொழுந்தன் என்கூட ஆஸ்பத்திரிக்கு வரணும். என்னடா, சம்மதமா?"

"குடிச்சுக் காட்டுங்க மகானே! எங்க அண்ணி வாய அடைங்க!"

"இன்னிக்கு விரதம்மா..." என்று மகான் மென்று விழுங்கினார்.

"தீர்த்தத்துக்கு ஏது விரதம்? குடிங்க!" என்றது முன்வரிசை. பக்தர்களின் அன்புக்கு அளவேது? குடித்தார்.

சொற்பொழிவு கம்பீரமாகத்தான் தொடங்கியது. போகப்போக வியர்த்தது. நெளிந்தார். அவர் வயிறு உருண்டது மைக்கில் கடைசி வரிசைக்கும் கேட்டது. "ஆகவே பக்தர்களே, அந்த வாசல்..." என்றவர் அங்கியைச் சுருட்டிக்கொண்டு மேடையிலிருந்து குதித்தார். கழிப்பறை வாசலில் அவரே உண்டாக்கிய வரிசை!

"வரிசையில வாங்க மகானே," என்றார் ஒருவர் பணிவாக.

"யோவ், அது பேதி உப்புய்யா! வழிய விடுய்யா!"

பேக்கரிக்காரன் அண்ணி பக்கம் திரும்பினான். "அப்ப வாசல்னு சொன்னதெல்லாம் பொய்யா அண்ணி?"

"வாசல் நெசம்டா. குடல் நரம்புல அயனிக் கால்வாய்னு பொடிப்பொடியா இருக்கு. சோடியம், கால்சியம் மாதிரி தாதுங்க அது வழியா நுழையறப்பதான் நரம்பு 'வலிக்குது'ன்னு மூளைக்குச் சொல்லும். ஆவிக்கு அங்க என்ன வேலை? இந்த உப்புல இருக்கிற மெக்னீசியம் குடலுக்குள்ள தண்ணிய இழுத்து வெளிய தள்ளும். மலச்சிக்கல்காரனுக்குச் சுகம். உனக்கு உடம்புல இருந்த தண்ணியும் தாதுவும் சேந்து போச்சு. எந்திரி."

"பெரிய ஆவின்னாரே அண்ணி!" என்று அழுதுகொண்டே அவள் தோளைப் பிடித்து எழுந்தான். ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். இன்னும் தாமதித்திருந்தால் ஆள் தேறியிருக்க மாட்டான் என்று டாக்டர் திட்டினார்.

தியேட்டரில் மகான் போட்ட தாழ்ப்பாள் விழுந்ததும், ஒரு பக்தர் பழக்கத்தில், "போயிடுச்சு!" என்று கை தட்டினாராம். தீர்த்தத்துக்கு நின்ற நேரத்தில் பாதியாவது யோசித்திருந்தால், கழிப்பறைக்கு நிற்க வேண்டி வந்திருக்காதே ஐயா!